தவறான விடையைப் படிப்பது எப்படி? கணிதம் கற்பிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

503 − 267 என்று ஒரு கணக்கு. ஒரு மாணவர் 364 என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர் 336. இன்னொருவர் 146. நான்காமவர் 266. சரியான விடை 236 என்பதால் நான்கு தாள்களிலும் ஒரே சிவப்புக் குறி, ஒரே பூஜ்யம். பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் திருத்தினேன். திருத்தி முடித்து, மறுநாள் கரும்பலகையில் அதே கணக்கை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகச் செய்துகாட்டுவேன். அடுத்த தேர்விலும் அதே நான்கு பேர் அதே மாதிரி தவறு செய்வார்கள்.

அந்த நான்கு விடைகளையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். 364 எழுதியவர் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்: 7-லிருந்து 3, 6-லிருந்து 0, 5-லிருந்து 2. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. 336 எழுதியவர் பூஜ்யத்தை 9 ஆக்கினார்; ஆனால் அதற்காக 5-ஐ 4 ஆக்க மறந்தார். அதனால் விடையில் சரியாக 100 கூடியிருக்கிறது. 146 எழுதியவர் நூறுகள் இடத்துக்குப் போய் ஒன்றைக் கடன் வாங்கினார்; வழியில் இருந்த பூஜ்யத்தைத் தொடவில்லை. ஒரு நூறை எடுத்துக்கொண்டு ஒன்றுகள் இடத்துக்குப் பத்தை மட்டும் கொடுத்ததால் 90 தொலைந்துபோனது. 236-க்கும் 146-க்கும் உள்ள வித்தியாசம் அந்த 90தான். 266 எழுதியவர் கடன் வாங்குவதைச் சரியாகத் தொடங்கிவிட்டு, ‘0-லிருந்து 6 போனால் 6’ என்று முடித்துவிட்டார்.

நால்வரும் கவனக்குறைவாக இல்லை. ஆளுக்கொரு விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். விதிதான் தவறு. ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கழித்தல் பிழைகளில் பெரும்பகுதியை இப்படிக் குறிப்பிட்ட தவறான செய்முறைகளாகப் பிரித்துக்காட்ட முடியும் என்று நிறுவினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைப் போலவே இவற்றையும் கருதியதால், ஆங்கிலத்தில் நிரல் பிழைக்கு உள்ள ‘பக்’ (bug) என்ற பெயரையே வைத்தார்கள். ஒரு கற்பனை மாணவர் தவறு செய்ய, அவருடைய விதியை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டிய கணினி விளையாட்டு ஒன்றையும் உருவாக்கினார்கள்.

இந்த வழிகாட்டி அந்த விளையாட்டை உங்கள் வகுப்பில் நிஜமாகவே ஆடுவதற்கானது. பி.எட். மாணவர்கள் செய்யும் செயலாய்வுக்கும், அதாவது வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக் கற்பிப்பவரே செய்யும் ஆய்வுக்கும், இது பொருந்தும். ஒரே ஒரு குழந்தைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறன்’ என்று தொடங்கும் செயலாய்வு எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை. ‘பின்னங்கள்’ என்பதுகூடப் பெரிது. ‘வெவ்வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களைக் கூட்டுதல்’ என்பது சரியான அளவு. ‘புள்ளிக்குப் பின் இலக்கங்களின் எண்ணிக்கை மாறுபடும் தசம எண்களை ஒப்பிடுதல்’ இன்னும் நல்லது. இருபது நிமிடத்தில் சோதிக்கக்கூடியதாகவும், இரண்டு வாரத்தில் கற்பிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எதைத் தேர்வது என்று தெரியாவிட்டால், கடந்த தேர்வில் அதிகம் பேர் தவறவிட்ட ஒரு கேள்வியை எடுங்கள்.

இரண்டாம் படி: விதிகளைப் பிரித்துக்காட்டும் கேள்விகளை அமையுங்கள்

இந்தப் படியில்தான் உழைப்பு அதிகம். அவசரப்பட்டால் மற்ற எல்லாமே வீண்.

கேள்வித்தாளில் 78 − 35 என்று ஒரு கணக்கு இருந்தால் 364 எழுதிய மாணவரும் அதில் முழு மதிப்பெண் வாங்குவார். கடன் வாங்கத் தேவையில்லாத இடத்தில் அவருடைய தவறான விதியும் சரியான விடையையே தருகிறது. 640 − 218 என்று கொடுத்தால்? சரியான விடை 422. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பவர் 438 எழுதுவார். ‘பூஜ்யத்திலிருந்து எட்டுப் போனால் எட்டு’ என்று நினைப்பவரும் 438 எழுதுவார். இரண்டு வேறு விதிகள், ஒரே தவறான விடை. ஆகவே இந்தக் கணக்கு மட்டும் போதாது. கூடவே 83 − 46-ஐயும் சேர்த்தால், முதலாமவர் 43 எழுதிக் காட்டிக்கொடுத்துவிடுவார். இரண்டாமவர் 37 என்று சரியாக எழுதுவார், ஏனென்றால் இங்கே பூஜ்யமே இல்லை.

தசம எண்களில் இது இன்னும் சுவையானது. எது பெரியது என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 4.63-ஆ, 4.8-ஆ? 5.736-ஆ, 5.62-ஆ? புள்ளிக்குப் பின் நீளமாக இருப்பதே பெரியது என்று நினைக்கும் மாணவர் 4.63 என்றும் 5.736 என்றும் சொல்வார். முதலாவது தவறு, இரண்டாவது சரி. குட்டையாக இருப்பதே பெரியது என்று நினைப்பவர் 4.8 என்றும் 5.62 என்றும் சொல்வார். முதலாவது சரி, இரண்டாவது தவறு. இருவருக்கும் இரண்டுக்கு ஒன்று. மதிப்பெண் பட்டியலில் அருகருகே இருப்பார்கள். புரிதலிலோ நேரெதிர்த் திசைகளில் நிற்கிறார்கள். ஒருவருக்குச் சொல்லும் மருந்து இன்னொருவரின் நோயைக் கூட்டும். தசம ஒப்பீட்டில் மாணவர்கள் இப்படிச் சில வகைகளாகப் பிரிவதை ஆஸ்திரேலியாவில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

கேள்விகளை எழுதும்போது ஒரு வெள்ளைத்தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கேள்வி. வலப்பக்கம், உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு தவறான விதியும் அந்தக் கேள்விக்கு என்ன விடை தரும் என்பது. இரண்டு விதிகள் ஒரே விடையைத் தந்தால் எண்களை மாற்றுங்கள். தவறான விதி சரியான விடையைத் தந்தாலும் மாற்றுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு கேள்விகள் போதும். ஒவ்வொரு விதியும் மூன்று கேள்விகளிலாவது வெளிப்பட வாய்ப்பிருக்க வேண்டும். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். வெறும் கணிப்பு தேவைப்படும் ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 1978-இல் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8-இன் தோராய மதிப்பைக் கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஏறத்தாழ ஒன்று, ஆகவே கூட்டினால் ஏறத்தாழ 2. அதைத் தேர்ந்தவர்கள் 24% மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள்: மேலிருப்பவற்றைக் கூட்டினால் 19, கீழிருப்பவற்றைக் கூட்டினால் 21. பின்னக் கூட்டலைச் செய்முறையாகத் தெரிந்துவைத்திருப்பது வேறு, 12/13 எவ்வளவு பெரியது என்று தெரிவது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் கேள்வியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: மதிப்பெண் போடாமல் திருத்துங்கள்

தாள்களை வாங்கியதும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். வேண்டாம். இந்த முறை கேள்வி வாரியாகப் பாருங்கள். முதல் கேள்விக்கு வந்த விடைகள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுங்கள். முப்பது பேர் வகுப்பில் ஒன்பது பேர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால் அது தற்செயல் அல்ல. யாரும் எழுதாத விசித்திரமான விடையை ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் அது கைத்தவறாக இருக்கலாம். இல்லை, மிகச் சுவையான ஒரு விதியாகவும் இருக்கலாம். அதைத் தனியே வட்டமிட்டு வையுங்கள்.

பிறகு மாணவர் வாரியாகப் பாருங்கள். ஒரே விதி மூன்று கணக்குகளிலாவது தென்பட்டால்தான் அதை அந்த மாணவரின் விதி என்று எழுதுங்கள். ஒரு தடவை நடந்ததை வைத்து முத்திரை குத்துவது நியாயமில்லை. இன்னொரு எச்சரிக்கை: பிள்ளைகளின் தவறான விதிகள் கல்வெட்டல்ல. திங்கட்கிழமை ஒரு விதியைப் பின்பற்றியவர் வியாழக்கிழமை இன்னொன்றுக்குத் தாவுவதுண்டு. பிரௌனும் கர்ட் வான்லெனும் பின்னர் இதற்குத் தந்த விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. மாணவர் ஓரிடத்தில் வழி தெரியாமல் சிக்கிக்கொள்கிறார். நிறுத்திவிடாமல், கையில் இருப்பதை வைத்து அங்கேயே ஓர் ஒட்டுவேலை செய்து மேலே போகிறார். ஒட்டு வேறுபடலாம். சிக்கிய இடம் மாறுவதில்லை. நாம் தேட வேண்டியது அந்த இடத்தை.

நான்காம் படி: மாணவரிடம் பேசுங்கள், கற்பிக்காதீர்கள்

தாளை வைத்து ஊகித்தது சரிதானா என்று அறிய ஒரே வழி, மாணவரையே கேட்பது. ஒவ்வொரு விதிக்கும் ஒருவர் அல்லது இருவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசினால் போதும்.

சொல்வது எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மாணவர் தவறாகச் சொல்லத் தொடங்கியதும் நம் வாய் திறந்துவிடும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவே. அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பதை அனுபவித்துப் பாருங்கள். நான் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொள்வேன்.

குட்டையானதே பெரியது என்று நினைத்த ஒரு மாணவனோடு நடந்த உரையாடல் இது:

“5.736, 5.62. இதில் எது பெரியது?”

“5.62, சார்.”

“எப்படிக் கண்டுபிடித்தாய்?”

நான்கு விரல்கள் மடங்கின. “இது ஆயிரத்தில் ஒன்று வரைக்கும் போகிறது. ஆயிரத்தில் ஒன்று மிகவும் சின்னது. அது நூறில் ஒன்றோடு நின்றுவிட்டது. நூறில் ஒன்று பெரியது இல்லையா, சார்?”

அவன் சொன்னதில் பாதி முழுச்சரி. ஆயிரத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடச் சிறியதுதான். அதை அவனுக்குச் சொல்லித்தந்ததும் நான்தான். ‘இடமதிப்பு தெரியவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். பேசிய பின் அடித்துவிட்டேன். அவனுக்கு இடமதிப்பு தெரிந்திருக்கிறது. கடைசி இலக்கத்தின் இடத்தை மட்டும் பார்த்து எண் முழுவதையும் எடைபோடுகிறான்.

கேட்க வேண்டியவை சிலவே. ‘எப்படிச் செய்தாய்?’ ‘இதை ஏன் இங்கே எழுதினாய்?’ ‘உன் நண்பனுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்?’ சரியான விடை எழுதியவர்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இல்லையென்றால், ஆசிரியர் ‘எப்படி’ என்று கேட்டாலே விடை தவறு என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். ‘அப்படியா?’ என்று புருவத்தை உயர்த்துவதும் கற்பித்தல்தான், தவிர்த்துவிடுங்கள்.

வாக்கியக் கணக்கு என்றால், ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியை 1977-இல் முன்வைத்த ஐந்து கேள்விகள் இன்றும் கைகொடுக்கின்றன. கணக்கைச் சத்தமாகப் படி. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உன் சொற்களில் சொல். எந்த வழியில் செய்யப் போகிறாய்? செய்துகொண்டே, என்ன செய்கிறாய் என்று சொல். கடைசியாக, விடையை எழுது. படிப்பதில் தடுமாறினாரா, புரிந்துகொள்வதிலா, கணக்காக மாற்றுவதிலா, செய்முறையிலா, விடையை எழுதுவதிலா என்பது இந்த வரிசையில் தானாகத் தெரிந்துவிடும். ‘கணக்கில் வீக்’ என்று நாம் ஒதுக்கியவர்களில் சிலர் முதல் இரண்டு கேள்விகளிலேயே நின்றுவிடுவதைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு இன்னும் நூறு பெருக்கல் கணக்குகள் கொடுத்துப் பயனில்லை.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர்போன உதாரணம் உண்டு. 1973-இல் எர்ல்வாங்கர் என்பவர் பென்னி என்ற 12 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். ஒவ்வொருவரும் தனித்தனியே பயிற்சித்தாள்களைச் செய்து, தேர்வில் தேறி முன்னேறும் முறையில் படித்தவன் அவன். நன்றாக முன்னேறும் மாணவன் என்றே ஆசிரியர் கருதினார். உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: 2/10-ஐத் தசமமாக மாற்றச் சொன்னால் அவன் 1.2 என்பான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் 12, நடுவில் ஒரு புள்ளி. 4/11 என்றால் 1.5, 11/4 என்றாலும் 1.5. கணிதம் என்பது யாரோ எப்போதோ கண்டுபிடித்து வைத்த விதிகளின் குவியல், விடைத்தாளோடு பொருந்தும் விதியைத் தேடிப் பிடிப்பதே நம் வேலை என்பது அவன் முடிவு. இதெல்லாம் தேர்வுகளைத் தாண்டிவந்த ஒரு மாணவனிடம்.

ஐந்தாம் படி: அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பெரும்பாலும் நம்மிடமிருந்துதான். இதை ஒப்புக்கொள்ளச் சங்கடமாக இருக்கும்.

‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது’ என்று சிறிய வகுப்பில் சொல்கிறோம். பிள்ளை அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திக்கொள்கிறது, 364 பிறக்கிறது. அதே பிள்ளை குறை எண்களுக்கு வரும்போது அந்த வாக்கியமே பொய்யாகிறது. ‘பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்’ என்று யாரும் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகள் முழு எண்களை மட்டுமே பெருக்குவதால் அந்த எண்ணம் படிந்துவிடுகிறது. எஃப்ரைம் ஃபிஷ்பைனும் அவருடைய குழுவினரும் 1985-இல் இத்தாலிய மாணவர்களிடம் செய்த ஆய்வில், 0.75 போன்ற எண்ணால் பெருக்க வேண்டிய இடத்தில் பலர் வகுத்தலைத் தேர்ந்ததைப் பார்த்தார்கள். கணக்கின் பொருளைவிட, விடை குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அவர்களை வழிநடத்தியிருக்கிறது.

சமக்குறியின் கதை இன்னும் வியப்பானது. 8 + 4 = □ + 5. பெட்டியில் என்ன வரும்? அமெரிக்காவில் ஃபாக்னர், லெவி, கார்ப்பெண்டர் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆறாம் வகுப்பில் சோதித்த 145 பேரும் 12 அல்லது 17 என்றே சொன்னதாக எழுதினார்கள். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சமக்குறி என்றால் ‘விடையை இங்கே எழுது’ என்று பொருள். ஆண்டுக்கணக்காக 8 + 4 = என்று எழுதி வலப்பக்கம் காலி இடம் விட்டுப் பழக்கினால் வேறு என்ன பொருள் தோன்றும்? இப்படிக் கற்றவர் இயற்கணிதத்துக்கு வந்து 3க + 5 = க + 11 என்பதைப் பார்க்கும்போது, இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறதே, விடை எங்கே என்று விழிக்கிறார்.

உங்கள் பாடக்குறிப்பையும் பாடநூலின் அந்தப் பக்கத்தையும் எடுத்து, இந்தத் தவறான விதி எந்த உதாரணங்களில் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் பத்துக்கு ஒன்பது கணக்குகளில் அது பிழைத்துக்கொள்கிறது என்றால், குற்றம் மாணவரிடம் இல்லை.

ஆறாம் படி: விதியைத் தடுக்கி விழவிட்டு, பிறகு கற்பியுங்கள்

‘நீ செய்தது தவறு, இப்படிச் செய்’ என்றால் மாணவர் புதிய விதியையும் பழைய விதிக்கு அருகில் அடுக்கிவைத்துக்கொள்வார். பழையது போகாது. அதனால் முதலில், அவருடைய விதி அவர் கண்ணெதிரே முரண்படும் ஒரு கணக்கைக் கொடுங்கள்.

மேலே சொன்ன மாணவனிடம் நான் கேட்டது: “5.7-க்கும் 5.736-க்கும் எது பெரியது?” “5.7.” “சரி. 5.736-ஐ 5.7-உம் இன்னும் கொஞ்சமும் என்று பிரிக்க முடியுமா?” எழுதினான்: 5.7 + 0.036. எழுதிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். 5.7-ஓடு எதையோ கூட்டினால் 5.7-ஐவிடக் குறைந்த எண் எப்படி வரும்? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவன் முகமே கேட்டது. அதற்குப் பிறகுதான் எண்கோட்டை வரைந்தோம்: 5.6-க்கும் 5.8-க்கும் நடுவே ஒரு நீண்ட கோடு, அதில் பத்துப் பத்தாகப் பிரிவுகள், 5.62 எங்கே, 5.7 எங்கே, அதைத் தாண்டி 5.736 எங்கே.

364 எழுதியவருக்கு: “503-இல் 267 போக மீதி 364. சரி, 364-ஓடு 267-ஐக் கூட்டிப் பார்.” 631 வரும். இந்தச் சரிபார்ப்பை மாணவரே செய்ய வேண்டும். அதன்பின் குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுங்கள்: ஐந்து நூறு கட்டுகள், மூன்று உதிரிக் குச்சிகள், பத்துக் கட்டு ஒன்றும் இல்லை. ஏழு குச்சியை எடு என்றால் அவர் ஒரு நூறு கட்டைப் பிரித்தாக வேண்டும். அது பத்துப் பத்துக் கட்டுகளாகும். அதில் ஒன்றைப் பிரித்தால்தான் உதிரி கிடைக்கும். 146 எழுதியவர் தொலைத்த 90 இப்போது மேசையில் ஒன்பது கட்டுகளாகக் கிடக்கும். குச்சியில் செய்த ஒவ்வொரு அசைவையும் உடனுக்குடன் எண்ணில் எழுதச் சொல்லுங்கள். குச்சி ஒரு நாள், எழுத்து மறுநாள் என்று பிரித்தால் இரண்டும் ஒட்டாது.

செய்துகாட்டிய கணக்குகளைப் படிக்கக் கொடுப்பது தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு, அவர்களையே போராடவிடுவதைவிடப் பயன்தரும் என்பதை ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதப் பாடத்தில் காட்டினார்கள். இதில் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம்: சரியாகச் செய்த கணக்கு ஒன்று, தவறாகச் செய்த கணக்கு ஒன்று, இரண்டையும் அருகருகே கொடுத்து ‘இது ஏன் சரி, அது ஏன் தவறு’ என்று எழுதவையுங்கள். தவறான கணக்கை வகுப்பில் இருக்கும் எவருடைய தாளிலிருந்தும் அப்படியே எடுக்காதீர்கள். எண்களை மாற்றி, யாரோ ஒருவர் செய்ததாகக் கொடுங்கள். பழகியவர்களுக்கு, செய்துகாட்டிய கணக்கு வெறும் சுமை. அவர்களுக்கு நேராகக் கணக்கைக் கொடுத்துவிடலாம்.

ஏழாம் படி: பயிற்சியைக் கலந்து கொடுங்கள்

இன்று கடன் வாங்கிக் கழித்தல் என்றால் இருபது கணக்கும் கடன் வாங்கிக் கழித்தல். இது வழக்கம். எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. பாடத்தின் தலைப்பு விடையைச் சொல்லிவிடுகிறது. டக் ரோரரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பின் 54 பிரிவுகளில் சோதித்தார்கள். ஒரு பாதி வகுப்புகளுக்குப் பயிற்சித்தாள்களில் ஒரே வகைக் கணக்குகள் சேர்ந்து வந்தன. மறுபாதிக்குப் பல வகைகள் கலந்து வந்தன. ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் நடத்திய தேர்வில் கலந்து செய்தவர்கள் 61%, ஒரே வகையாகச் செய்தவர்கள் 38%. 2020-இல் வெளியான இந்த ஆய்வில் ஆசிரியர்கள் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை, கணக்குகளின் வரிசைதான் மாறியது.

ஆனால் கலந்து கொடுக்கும்போது அன்றைய தவறுகள் கூடும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பழைய பயிற்சித்தாளை வெட்டி ஒட்டினாலே போதும்: இன்றைய பாடத்தில் நான்கு, சென்ற வாரத்தில் மூன்று, சென்ற மாதத்தில் மூன்று. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கும் நடுவில் இருக்கட்டும். பழக்கதோஷத்தில் அங்கேயும் கடன் வாங்குபவர்களைக் கண்டுபிடிக்கலாம்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதுவது நல்ல ஆசிரியரின் அடையாளம் என்று நானும் நம்பினேன். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு என் நம்பிக்கையை அசைத்தது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அவர் கொடுத்தவை கணக்குகள் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தாளைக் கையில் வாங்கியதும் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் காரணம் புரிகிறது. செயலாய்வுக் காலத்திலாவது மதிப்பெண்ணை விடுங்கள். ‘பத்துகள் இடத்தில் மறுபடி பார்’ என்ற ஒரு வரி போதும்.

எட்டாம் படி: வகுப்புக்கு வெளியே கொண்டுபோங்கள்

அமெரிக்கத் தேசிய மதிப்பீட்டில் கேட்ட இன்னொரு கணக்கு: ஒரு பஸ்ஸில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. ஏறத்தாழ 70% பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 என்று விடை எழுதியவர்கள் 23%. ‘31 மீதி 12’ என்று எழுதியவர்கள் 29%. வகுத்தல் தெரியாததால் வந்த தவறு அல்ல இது. பன்னிரண்டு பேர் சாலையில் நிற்கிறார்கள் என்ற படம் அவர்கள் மனதில் வரவில்லை. வகுப்பறையில் ‘மீதி’ என்பது விடையின் பக்கத்தில் எழுதும் ஒரு சடங்கு.

ஆகவே ஒரே வகுத்தலை மூன்று சூழலில் கொடுங்கள். 1,128 பேருக்கு 36 பேர் கொள்ளும் பஸ் எத்தனை? 1,128 தாளில் 36 தாள் கொண்ட நோட்டு எத்தனை முழுதாகச் செய்யலாம்? 1,128 மீட்டர் கயிற்றை 36 சமத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு நீளம்? முதலாவதற்கு 32, இரண்டாவதற்கு 31, மூன்றாவதற்கு 31-உம் மூன்றில் ஒன்றும். ஒரே கணக்கு, மூன்று விடை, மூன்றும் சரி.

சூழலிலிருந்து சமன்பாட்டுக்குப் போவதும் இதேபோல வழுக்கும் இடம். ‘ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்.’ மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப என்றால் சமன்பாடு என்ன? ஜான் கிளெமென்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களின் தொடக்கத்தில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறவிட்டார்கள். பெரும்பாலானோர் எழுதியது 6ம = ப. ம என்பதை எண்ணாகப் பார்க்காமல் ‘மாணவர்’ என்ற சொல்லின் சுருக்கமாகப் படித்ததன் விளைவு. சோதித்துப் பார்க்க ஒரு வழி: ப-வுக்கு 10 என்று போடச் சொல்லுங்கள். மாணவர்கள் பத்தில் ஆறில் ஒரு பங்கு என்று வரும்போது அவர்களே சிரித்துவிடுவார்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி சோதியுங்கள், ஒரு மாதம் கழித்தும் சோதியுங்கள்

முதல் தேர்வின் கேள்விகளையே திரும்பக் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளப்பீர்கள். அதே அமைப்பில் எண்களை மாற்றுங்கள். 503 − 267-க்கு இணையாக 704 − 358: சரியான விடை 346, பழைய நான்கு விதிகளும் முறையே 454, 446, 256, 356 தரும். இப்படி முன்கூட்டியே எழுதிவைத்தால் திருத்தும்போதே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும்.

பதிவேட்டில் மாணவர் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று பத்திகள் போதும்: தொடக்கத்தில் இருந்த விதி, பாடம் முடிந்ததும் இருந்த விதி, ஒரு மாதம் கழித்து இருந்த விதி. ‘சராசரி 52-லிருந்து 71 ஆனது’ என்பதைவிட, ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழித்த ஒன்பது பேரில் ஆறு பேர் மாறினார்கள், இருவர் பாடம் முடிந்ததும் மாறிப் பின் பழையதற்கே திரும்பினார்கள், ஒருவர் மாறவேயில்லை’ என்று எழுதும் அறிக்கையை அடுத்த ஆசிரியரால் பயன்படுத்த முடியும். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாவிட்டால் ‘இந்த முறையால்தான் முன்னேற்றம்’ என்று எழுதாதீர்கள். ஒரு மாதத்தில் பிள்ளைகள் வேறு பலவற்றாலும் வளர்கிறார்கள். ‘இந்த வகுப்பில், இந்தப் பாடத்தில், இது நடந்தது’ என்பதே போதும்.

கடைசித் தேர்வில், கற்பிக்காத ஒரு கணக்கையும் சேர்த்துவிடுங்கள். நான் ஒருமுறை 5013 − 1267-ஐச் சேர்த்தேன். விடை 3746. 503 − 267-ஐயும் 704 − 358-ஐயும் பிசகாமல் செய்த ஒரு மாணவி 3736 என்று எழுதியிருந்தாள். மேலே பார்த்தால், 5 என்பது 4 ஆகியிருந்தது, பூஜ்யம் 9 ஆகியிருந்தது, அதற்கடுத்த 1-உம் 9 ஆகியிருந்தது. ‘நடுவில் இருக்கும் பூஜ்யம் 9 ஆகும்’ என்று குச்சிகளை எடுத்துவைத்த பின் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அதில் ‘பூஜ்யம்’ என்பதை விட்டுவிட்டு ‘நடுவில் இருப்பது’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பதிவேட்டில் அவளுடைய எண்ணுக்கு நேரே புதிய விதி ஒன்றை எழுதிவிட்டு, 5013 − 1267-உடன் 6024 − 2358-ஐயும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அவள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன்.